தாகமல்ல, தோழர்களே!

2019ஆம் ஆண்டின் கோடையை நமது பக்கத்துத் தோழர்கள் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் — நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, வெடிப்பு விட்ட தரையாய்க் கிடந்தன. ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலே 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய இரயில், ஆவடியைத் தாண்டி, அம்பத்தூரைத் தாண்டி, வில்லிவாக்கம் வந்து நின்றது. தண்டவாளத்து ஓரத்திலே குடியிருப்பவன் தன் வீட்டு வாசலிலே தண்ணீர் ஓடுவதைக் கண்டான் — இரயிலிலே! குழாயிலே அல்ல!

அந்த நாட்களிலே லாரி வந்தால் தெருவிலே திருவிழா. வராவிட்டால் தெருவிலே போர். ஒரு வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. அப்படிப்பட்ட ஒரு நாளிலே, எஸ்டேட்டை ஒட்டிய ஒரு தெருவிலே, தொழிலாளித் தோழர் ஒருவர் வீட்டு வாசலில் கூட்டம். 'திருடன்! திருடன்!' என்று கூச்சல். எதைத் திருடினான்? நகையையா? பணத்தையா? தண்ணீரை! பக்கத்து வீட்டு அம்மையார் நிரப்பி வைத்திருந்த குடத்தைத் தூக்கி, வாயிலே கவிழ்த்து, மடமடவென்று குடித்துத் தீர்த்துவிட்டான் அந்த வீட்டுப் பிள்ளை. "உன் மகனுக்கு இருப்பது வயிறா, செம்பரம்பாக்கம் ஏரியா?" என்று கேட்டார் அம்மையார். கூடியிருந்தோர் சிரித்தனர். தகப்பன் தலைகுனிந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன். சிரித்தவர்களிலே நானும் ஒருவன். அதை இங்கே ஒப்புக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு அப்போது வயது 26. பத்தொன்பதாம் வயதிலே மனச்சிதைவு நோய் கண்டது. யாருமில்லாத இடத்திலே யாரோ பேசுவதாகச் சொன்னான். சோற்றிலே விஷம் என்றான். வைத்தியம் நடந்தது. மாத்திரை வேலை செய்தது. குரல்கள் அடங்கின. 'பிழைத்தான் பிள்ளை' என்று பெற்றோர் மூச்சுவிட்ட வேளையிலே, தண்ணீர் தொடங்கியது. முதலிலே சொம்பு சொம்பாக. பிறகு குடம் குடமாக. இரவு இரண்டு மணிக்கும் எழுந்து போவான். தாய் குடத்தை அறையிலே வைத்துப் பூட்டினாள். அவன் குளியலறை வாளியிலே குடித்தான். வாளியைக் கவிழ்த்து வைத்தாள். கழிப்பறைத் தண்ணீரைக் குடித்தான்! "ஏன் ராசா இப்படிச் செய்யறே?" என்று கேட்டால், "உள்ளே அழுக்கா இருக்கும்மா, கழுவணும்" என்பான். தகப்பன் ஒரு நாள் கைநீட்டினார். அடித்துவிட்டு அழுதார். லேத் பட்டறையிலே முப்பது ஆண்டு நின்ற கை அது.

குடம் பறிபோன அந்த மாலையிலேயே தலைவலி என்று படுத்தான். வாந்தி எடுத்தான். பேச்சு குழறிற்று. நடக்கும்போது தள்ளாடினான், தெருவிலே பார்த்தவர்கள், 'தண்ணி போட்டிருக்கிறான்' என்றனர். அவர்கள் சொன்ன தண்ணி வேறு. உண்மையிலே அவன் போட்டிருந்த தண்ணீர் வேறு! எட்டு மணிக்கு வலிப்பு வந்து விழுந்தான். ஒருவர் சாவிக்கொத்தைக் கையிலே திணித்தார். இன்னொருவர் பேயோட்டும் முகவரி ஒன்றைச் சொன்னார். முதலிலே கொண்டு சேர்த்த இடத்திலே, 'சோர்ந்திருக்கிறான்' என்று குளூக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டனர். அதாவது, தண்ணீரால் விழுந்தவனுக்கு மேலும் தண்ணீர்! இரண்டாவது இடத்திலே ஓர் இளம் மருத்துவர், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டார்: "இவர் தண்ணீர் நிறையக் குடிப்பாரா?"

இரத்தத்தை எடுத்துச் சோடியம் பார்த்தார்கள். 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய அந்த அளவு, 120க்கும் கீழே இறங்கிக் கிடந்தது. பிள்ளை பிழைத்தான். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாதிருந்தால் பிழைத்திருப்பானா என்பதை எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது.

தண்ணீர் கொல்லுமா என்று கேட்பீர்கள். நாமும் கேட்டவர்கள்தான். மருத்துவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. நம் இரத்தத்திலே உப்பு ஒரு கணக்காய் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரை வெளியேற்றும்; அதற்குமேல் அதனால் முடியாது. அதற்குமேல் ஊற்றிக்கொண்டே போனால், குழம்பிலே தண்ணீர் ஊற்றியதுபோல இரத்தத்து உப்பு நீர்த்துப் போகிறது. அந்த நீர் திசுக்களுக்குள் புகுகிறது. உடம்பின் மற்ற இடங்களிலே வீங்கினால் விரிவதற்கு இடமுண்டு. மூளைக்கோ மண்டையோடு என்னும் இரும்புப் பெட்டி! வீங்கிய மூளை எங்கே போகும்? தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு, பிறகு மரணம். இந்தப் படிகளை எல்லாம் சில மணி நேரத்திலேயே ஒருவன் இறங்கிவிடக்கூடும்.

ஏழைக்கு இதிலேயும் ஒரு கூடுதல் தண்டனை உண்டு. தண்ணீரை வெளியேற்ற வேண்டுமானால் அதோடு சேர்ந்து வெளியேற உப்பும், புரதச் சத்தின் கழிவும் வேண்டும். நன்றாகச் சாப்பிடுபவனின் சிறுநீரகம் அதிகம் தாங்குகிறது. வெறுங்கஞ்சியைக் குடித்துக் காலம் தள்ளுபவனின் சிறுநீரகம் அந்த அளவு தண்ணீரைத் தள்ள முடியாமல் திணறுகிறது. பீடியும் சிகரெட்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். புகையிலையிலே உள்ள நிகோட்டின், தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்லும் சுரப்பைத் தூண்டிவிடுகிறது.

இது புதிதாய் முளைத்த நோயும் அல்ல. 1923ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் ரவுண்ட்ரீ, தண்ணீர் நஞ்சாவதைப் பற்றி எழுதினார். 1930களிலே, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் மனநோய் மருத்துவமனையிலே மனச்சிதைவு நோயாளிகளின் சிறுநீரை அளந்து பார்த்தார்கள். மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு! அதன் பிறகு நடந்த ஆய்வுகள், நெடுநாள் மனநோயாளிகளிலே நூற்றுக்கு 6 முதல் 20 பேர் வரை இப்படி அளவுமீறிக் குடிப்பதாகக் கணக்குச் சொல்கின்றன. அவர்களிலே ஒரு பகுதியினருக்குத்தான் உப்பு ஆபத்தான அளவு இறங்குகிறது. ஆனால் அந்த ஒரு பகுதியிலே உங்கள் தெருப் பிள்ளை இருந்தால்?

ஏன் குடிக்கிறார்கள்? ஒரே காரணம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூளையின் அடியிலே தாகத்தை ஆளும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. நோயிலே அதன் கடிவாளம் தளர்கிறது என்கிறார்கள். சிலரை, 'உள்ளே விஷம், கழுவு' என்று நோயின் எண்ணமே விரட்டுகிறது. சிலருக்கு மாத்திரையால் வாய் உலர்கிறது. கைநடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் போன்றவை வாயை வறளவைக்கும். கார்பமசெபைன் போன்ற சில மருந்துகள் தண்ணீரை உடம்பிலேயே தேக்கிவிடும். வேலையற்ற, பேச ஆளற்ற நீண்ட பகற்பொழுதும் ஒரு காரணமே. சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குக் குழாய் ஒன்றுதான் துணை! எதுவாயினும், இது கொழுப்பு அல்ல, பிடிவாதம் அல்ல, பேய் அல்ல, தாகமும் அல்ல. நோய்.

நோய் என்றால் வைத்தியம் உண்டா? உண்டு. அதிலே பாதி மருத்துவமனையிலும், பாதி வீட்டிலும் நடக்க வேண்டும்.

வீட்டு வைத்தியத்தின் ஆயுதம் என்ன தெரியுமா? எடை பார்க்கும் எந்திரம்! காலையிலே சிறுநீர் கழித்த பிறகு ஒருமுறை, பிற்பகலிலே ஒருமுறை, மாலையிலே ஒருமுறை நிறுத்துப் பார்த்து ஒரு நோட்டிலே எழுத வேண்டும். ஒரு நாளுக்குள் மனிதன் கொழுத்துவிட மாட்டான். காலைக்கும் மாலைக்கும் இடையிலே ஏறிய எடை பெரும்பாலும் தண்ணீர்தான். காலையிலே 60 கிலோ இருந்தவன் மாலையிலே 62 என்றால் எச்சரிக்கை மணி: தண்ணீரை நிறுத்தி, பக்கத்திலே ஆள் இருக்க வேண்டும். 63 என்றால் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் எல்லைக்கோடு எது என்பதை மருத்துவரே குறித்துத் தருவார். அதைக் கேட்டு வாங்கி, நோட்டின் முதல் பக்கத்திலே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தலைவலியும் வாந்தியும் தள்ளாட்டமும் குழறலும் வந்துவிட்டால், எந்திரத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். போய்ச் சேர்ந்த இடத்திலே முதல் வாக்கியமாக, 'இவன் தண்ணீர் நிறையக் குடிப்பான், சோடியம் பாருங்கள்' என்று சொல்லுங்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்கள் வலிப்பை மட்டும்தான் பார்ப்பார்கள்.

அங்கே இறங்கிய உப்பை ஏற்றுவதும் அவசரப்பட்டுச் செய்யக்கூடியதல்ல. 24 மணி நேரத்திலே 8, 10 புள்ளிக்கு மேல் ஏற்றிவிட்டால் மூளையின் நரம்புறையே சிதைந்து, ஆள் முடமாகிவிடக்கூடும். ஆகவே, 'உப்புக் குறைவுதானே, ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்து வாயிலே ஊற்று' என்று வைத்தியம் சொல்லும் தெருமுனை மேதாவிகளிடம் எச்சரிக்கையாய் இருங்கள்!

குடத்தைப் பூட்டினால் போதாதா? போதாது. பூட்டிய வீட்டிலே அவன் வாளியைத் தேடுகிறான், சாக்கடையைத் தேடுகிறான். அதைவிட, மணிக்கு ஒரு சிறு டம்ளர் என்று அவனோடு பேசி ஒப்பந்தம் செய்து, அந்த டம்ளரை நேரம் தவறாமல் நாமே கொண்டு கொடுப்பது மேல். வாய் உலர்ந்தால் ஒரு பனிக்கட்டித் துண்டு, வாயிலே அடக்கிக்கொள்ள ஒரு நெல்லிக்காய். ஒப்பந்தத்தைக் காத்த நாளிலே அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று. குடிக்கத் தூண்டும் வேளை எது என்பதைக் கவனித்து, அந்த வேளையிலே கைக்கு ஒரு வேலை. பல மருத்துவமனைகளிலே இப்படித்தான் செய்கிறார்கள். மருத்துவர் மாத்திரைகளையும் புரட்டிப் பார்ப்பார். வாயை உலர்த்துவதைக் குறைப்பார், தண்ணீரைத் தேக்குவதை மாற்றுவார். குளோசபின் என்ற மருந்து சிலருக்கு நோயோடு சேர்த்து இந்த வேட்கையையும் தணித்திருக்கிறது. ஆனால் அதைச் சாப்பிடுபவருக்கு வெள்ளையணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்த்தாக வேண்டும். தொடக்கத்திலே வாரந்தோறும். ஆகவே அடுத்த வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி மருந்துக் கடையிலே வாங்கக்கூடியதல்ல அது.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, தண்ணீர் அதிகம் குடிப்பவன் கையிலிருந்து எல்லாம் சொம்பைப் பிடுங்கிவிடாதீர்கள்! சர்க்கரை நோயிலும் தாகம் வரும். மனநோய்க்குத் தரும் லித்தியம் என்ற மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதித்து, தண்ணீர் நிற்காமல் வெளியேறும்படி செய்துவிடும். அவனுக்குத் தண்ணீர் மறுத்தால் அவன் வறண்டே சாவான். அங்கே குடிப்பதுதான் உயிர். ஆகவே சர்க்கரையும் சோடியமும் சிறுநீரும் பரிசோதித்த பிறகுதான் கட்டுப்பாடு. அதுபோலவே, உலைக்களத்திலும் பெயிண்ட் கடையிலும் எட்டு மணி நேரம் வெந்து நிற்கும் நமது தோழன், தாகத்துக்குத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். இந்தக் கட்டுரையைக் காட்டி எந்த முதலாளியும் தண்ணீர்ப் பானையைத் தூக்கிவிடக் கூடாது!

சரி, எங்கே போவது? தூரமே இல்லை. கீழ்ப்பாக்கத்திலே, அயனாவரத்தை ஒட்டி நிற்கிறது அரசு மனநலக் காப்பகம். 1794ஆம் ஆண்டிலே தொடங்கிய வரலாறு அதற்கு. 1871 முதல் அந்த இடத்திலே நடக்கிறது. 'கீழ்ப்பாக்கம்' என்று சொன்னாலே நாம் கேலியாகச் சிரிக்கப் பழகியிருக்கிறோம். மேடையிலே எதிரியைத் தாக்க அந்தப் பெயரைப் பயன்படுத்தாத பேச்சாளர் உண்டா? நாக்கைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடம் அது. அந்த மருத்துவமனைக்கு 1961ஆம் ஆண்டிலே தலைமையேற்ற டாக்டர் சாரதா மேனன், ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல், 1984ஆம் ஆண்டிலே மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபைத் தொடங்கினார். அண்ணா நகர் மேற்கு விரிவிலே இருக்கிறது அது. முகப்பேரிலே 1993 முதல் பணி செய்யும் பனியன் அமைப்பு இருக்கிறது; தெருவிலே திரியும் மனநோயாளிப் பெண்களை அழைத்து வந்து காக்கத் தொடங்கிய அமைப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து இரண்டும் ஒரு பஸ் தூரம். நேரிலே போகத் தயங்குவோர், 2022ஆம் ஆண்டிலே தொடங்கிய டெலிமானஸ் எண் 14416ஐக் கூப்பிடலாம்.

தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. ஈ.எஸ்.ஐ. திட்டத்திலே நீண்டகால நோய்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலே மனச்சிதைவும் இடம்பெற்றிருக்கிறது. உரிய காலம் சந்தா கட்டிய தொழிலாளிக்கு இந்த நோய் வந்தால், கூலியிலே நூற்றுக்கு 80 பங்கு, இரண்டு ஆண்டு வரை பெற வழியிருக்கிறது. தொழிலாளியின் வருமானத்தையே நம்பியிருக்கும், மனநோயால் உழைக்க இயலாத பிள்ளைக்கு, வயது வந்த பிறகும் அங்கே வைத்தியம் உண்டு. இதை எத்தனை பேர் அறிவோம்? நோய் வெளியே தெரிந்தால் தங்கையின் திருமணம் நின்றுவிடும் என்று மறைத்து, உரிமையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறோம்.

சங்கிலியைப் பற்றியும் ஒரு சொல். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், ஏர்வாடியிலே ஒரு தனியார் விடுதியில் தீப்பற்றிற்று. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அதற்குப் பிறகு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், சங்கிலியிட்டுக் கட்டுவதை எந்த வகையிலும் கூடாது என்று தடுத்துவிட்டது. அரசு செலவிலே வைத்தியம் பெறுவதை உரிமை என்று எழுதியும் வைத்திருக்கிறது. அந்த ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவ வேண்டுமானால், நமது பக்கத்து அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் இரவு பகல் எந்நேரமும் சோடியம் பார்க்க வசதி வேண்டும்; மனநோயாளிக்கு வலிப்பு என்று வந்தால் அதைப் பார்த்தே தீர வேண்டும் என்ற முறை வேண்டும். கேட்போம். சாலைக்கும் விளக்குக்கும் மனு எழுதத் தெரிந்த கிளைத் தோழர்களுக்கு இதற்கு எழுதத் தெரியாதா?

அந்தத் தெருத் தோழர்கள் அதற்குள் ஒரு காரியம் செய்தார்கள். படிப்பகத்திலே ஓர் எடை எந்திரம் வாங்கி வைத்தார்கள். கேரம் பலகைக்கென்று சேர்த்த பணம் அது. இளைஞர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள் என்பதையும் மறைப்பானேன்? பிள்ளை காலையிலே வந்து நிற்பான். நாளேடு படிக்க வருபவர்களிலே எவராவது ஒருவர் எண்ணைப் பார்த்து நோட்டிலே எழுதுவார். மாலையிலே மீண்டும் வருவான். இடையிலே பத்திரிகைகளை அடுக்கி வைப்பது அவன் வேலை. இரண்டு முறை எல்லை தாண்டியிருக்கிறது. இரண்டு முறையும் நேரத்திலே ஆட்டோ பிடித்தார்கள். மருந்தை மாற்றியிருக்கிறார்கள். தண்ணீர் அடியோடு நின்றுவிட்டதா என்றால், இல்லை. குறைந்திருக்கிறது.

சென்ற வாரம் நான் அங்கே போயிருந்தேன். எந்திரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான். "எவ்வளவுண்ணே?" என்று கேட்டான். 61 இருந்தது. சொன்னேன். நோட்டை வாங்கி அவனே எழுதினான். பக்கத்து வீட்டு அம்மையார், 2019இலே ஏரியைப் பற்றிக் கேட்டாரே அவரேதான், வாசலிலே வந்து நின்று, "மணி ஆறாச்சுப்பா, உன் டம்ளர்" என்று நீட்டினார்.